மலைநாட்டுக் காணிக்கு ட்ரக்டர் எடுக்கும்போது விடும் பிழைகள்

அநுராதபுரத்தில் வயல் செய்கிறவருக்கு 45 குதிரைவலு ட்ரக்டர் கச்சிதமாக இருக்கலாம். அதையே கந்தப்பளைக்கோ வெலிமடைக்கோ கொண்டுவந்தால் பல காணிகளுக்குள் இறங்கவே இடமிருக்காது. ஆனாலும் மலைநாட்டில் ட்ரக்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை குதிரைவலு?" என்றுதான். விற்கிறவரும் அதற்குத்தான் பதில் தயாராக வைத்திருப்பார். கடைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியது வேறு: உங்கள் காணியிலும் அதற்குப் போகும் வழியிலும் ஆக ஒடுக்கமான இடம் எத்தனை அடி?

"ஒரு ஏக்கர் இருக்கு, அதுக்கு ஏத்த மெஷின் எது?" என்று கேட்பதிலேயே முதல் பிழை தொடங்கிவிடுகிறது. ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச். சமதரையில் அது ஒரே துண்டு. இங்கே பத்துப் பதினைந்து தட்டுகளாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று கல்கட்டு வைத்து, நடுவில் கான் ஓடி, ஒரு மூலையில் ஒற்றையடிப் பாதையோடு கிடக்கும். ஆகவே ஏக்கரைத் தூக்கி வைத்துவிட்டு டேப் ஒன்றை எடுங்கள். தட்டுகளின் அகலம், கட்டுகளின் உயரம், பாதையின் முடக்கு, கானின் மேல் போட்ட பாலம் எல்லாவற்றையும் அளந்து ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அளந்த பிறகு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கட்டு எவ்வளவு உயரமோ, அதன் விளிம்பிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் உள்ளே சில்லு ஓட வேண்டும். கட்டு 4 அடி என்றால் வெளிச்சில்லு விளிம்புக்கு 4 அடி உள்ளே. சிறிய நாலு சில்லு ட்ரக்டர்களின் அகலம் ஏறத்தாழ மூன்றரை, நாலு அடி. 8 அடித் தட்டில் அது "போகும்" என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் விளிம்புக்கு 4 அடியை விட்டால், மிச்ச 4 அடிக்குள் மேற்கட்டை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்ப வழியே இல்லை. மழைக்கு ஊறிய கல்கட்டின் மேல் முக்கால் டன் இரும்பை ஓட்டினால் கட்டு வயிறு தள்ளத் தொடங்கும். ஒரு நாள் ட்ரக்டரோடு சேர்ந்து பணியத் தட்டுக்கு இறங்கும்.

இப்படிப்பட்ட காணிக்கு 5 முதல் 7 குதிரைவலு மினி டில்லர்தான் சரி. நூறு கிலோ அளவில் இருப்பதால் பலகை போட்டு இரண்டு பேர் அடுத்த தட்டுக்கு ஏற்றிவிடலாம். கால் ஏக்கரை அரை நாளில் கிண்டிவிடும். பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கிறது என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. ட்ரக்டர் எடுத்தால் ஊர் பார்க்க எடுக்க வேண்டும் என்ற ஆசை நம் ஆட்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். தட்டுகள் அகலமாக, மேலிருந்து கீழ்வரை சாய்வு வழி இருந்தால் 8 முதல் 15 குதிரைவலு இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் எடுக்கலாம். நாலு சில்லு, அதாவது 20 முதல் 28 குதிரைவலு வரையான சிறிய ரகம், வெலிமடைப் பக்கம் நெல் வெட்டிய பின் உருளைக்கிழங்கு போடும் பள்ளத்தாக்கு வயல்களிலும் மெல்லச் சரிந்த அகன்ற காணிகளிலும் உழைத்துக் கொடுக்கும்.

குதிரைவலுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணை அப்படியே நம்புவதும் பிழை. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கிட்டத்தட்ட 3 வீதம் வலுவை இழக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. பட்டியலில் 24 என்று போட்ட எஞ்சின் அங்கே 20க்குக் கிட்டத்தான் தரும். அதிலும் பின்னால் சுழலும் தண்டுக்கு வந்து சேர்வது 17 அளவே. அதன் பின்னால் மண்ணைக் கிண்டும் சுழல் கத்திகள் கொண்ட 4 அடி அகல ரொட்டவேட்டரை மாட்டினால் எஞ்சின் திணறும், புகை கக்கும், டீசல் குடிக்கும். இதைப் பார்த்துவிட்டு "அப்போ பெரிய ட்ரக்டர் எடுப்போம்" என்று போவதுதான் இயல்பு. வேண்டாம். ட்ரக்டரைப் பெரிதாக்காமல் ரொட்டவேட்டரை 3 அடிக்குச் சின்னதாக்குங்கள். ஒரு நடை கூடப் போகும், அவ்வளவுதான்.

அடுத்த பிழையில் உயிர் போகும். பலர் ட்ரக்டர் எடுப்பது உழவுக்கு என்று சொல்லிக்கொண்டாலும் மனதில் இருப்பது பின்னால் மாட்டி இழுக்கும் சுமைப் பெட்டி. கோழி எரு ஏற்ற, கிழங்கு மூட்டை இறக்க, சும்மா இருக்கும் நாளில் வாடகைக்கு ஓட. 50 கிலோ மூட்டை முப்பது ஏற்றினால் ஒன்றரை டன். மேட்டில் இழுக்குமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். இறக்கத்தில் நிற்குமா என்று பார்ப்பவர் குறைவு. முன்னால் இருக்கும் லேண்ட்மாஸ்டரைவிடப் பின்னால் இருக்கும் சுமை பல மடங்கு பாரம். பள்ளத்தில் அது தள்ளிக்கொண்டு போகும்.

லேண்ட்மாஸ்டரில் இன்னொரு சங்கதி உண்டு. அதில் இடது, வலது சில்லுகளுக்குத் தனித்தனிக் கிளட்ச்; பிடித்தால் அந்தச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபடும். சமதரையில் இடதுபக்கக் கிளட்சைப் பிடித்தால் இடதுபக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதே இடது கிளட்சைப் பிடித்தால் வலதுபக்கம் இழுக்கும். காரணம், எஞ்சின் அப்போது இழுக்கவில்லை, சில்லுகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது சில்லை விடுவித்தால் அது மட்டும் வேகமாக உருளும், வலது பிடிபட்டு நிற்கும், வண்டி வலப்பக்கம் சுற்றும். சமதரையில் பழகிய ஓட்டுநர் மலைப் பாதையின் முதல் முடக்கில் தடுமாறுவது இதனால்தான். இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைபிடியால் தள்ளித் திருப்ப வேண்டும். இறக்கம் தொடங்குமுன்னே சின்னக் கியருக்கு வந்துவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள்.

நாலு சில்லில் இடது, வலது சில்லுகளுக்குத் தனித்தனி பிரேக் மிதி இருக்கும். வயலில் சட்டென்று திரும்ப அது உதவும். ரோட்டுக்கு ஏறும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைக்காவிட்டால், ஒரு மிதி மட்டும் மிதிபட்டு வண்டி குடைசாயும். தலைக்கு மேலே பாதுகாப்புக் கம்பி உள்ள ட்ரக்டரையே எடுங்கள். கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும். கம்பியே இல்லாத பழைய ட்ரக்டரில் பெல்ட் போட்டால் கவிழும்போது வெளியே பாய முடியாது.

சரிவை அளக்கவும் கருவி தேவையில்லை. 10 அடிக் கயிற்றின் ஒரு நுனியை மேலே நிலத்தில் வைத்து, மட்டமாகப் பிடித்து, மறுநுனியிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டரை அடி என்றால் 25 வீதச் சரிவு. அதற்கு மேல் உள்ள இடத்தில் நாலு சில்லை ஓட்டுவதை நினைக்கவே வேண்டாம்.

பெரிய ட்ரக்டரை எடுத்துவிட்டு அது திரும்புவதற்காகக் கட்டுகளை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். இரண்டு தட்டை ஒன்றாக்கி, கானை மூடி, மேலிருந்து கீழாக உழுதால் அடுத்த பருவ மழைக்கு மேல்மண் போய்விடும். வெலிமடை மண் உமா ஓயா வழியே ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படிகிறது. மண் காப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது. சரிவை வெட்டித்தான் பாதை போட வேண்டும் என்றால், முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பாவித்த ட்ரக்டர் எடுப்பவர்கள் அது வயல் சேற்றில் உழைத்ததா என்று விசாரிக்க வேண்டும். சேற்றில் நின்ற வண்டியில் சில்லு அச்சின் சீல்களும் பிரேக்கும்தான் முதலில் போகும். புதியதென்றால் நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ உதிரிப்பாகம் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

லீசிங் தவணை மாதாமாதம் வரும். கரட்டும் கிழங்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் விலை இருந்தால். அரை ஏக்கருக்குக் குறைவாகச் செய்கிறவர் கூலிக்கு ட்ரக்டர் பிடித்தால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு போகும், அந்தக் காசுக்கு எத்தனை தவணை கட்டலாம் என்று எழுதிப் பார்க்கட்டும். பக்கத்துக் காணிக்காரர் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு டில்லர் எடுப்பதானால், யார் முதலில் உழுவது, உடைந்தால் செலவு யாருடையது என்பதை வாங்குமுன்னரே பேசி எழுதிவைக்க வேண்டும். மழை ஓய்ந்த அடுத்த நாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் அது தேவைப்படும்.