மூன்று புத்தாண்டுத் தீர்மானங்கள், ஒரே நாய்வார்: தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

மூன்று ஆண்டுகளாக என் டைரியின் முதல் பக்கத்தில் ஒரே பட்டியல்தான் இருந்தது: தினமும் நடக்க வேண்டும், நாயை ஒழுங்காகக் கவனிக்க வேண்டும், அக்கம்பக்கத்துக்கு ஏதாவது உதவ வேண்டும். மூன்றுமே ஜனவரி மூன்றாவது வாரத்தில் மூச்சை நிறுத்திவிடும். போன ஜனவரியில் தடுப்பூசிக்காக என் நாய் சுட்டியை அழைத்துப் போனேன். கால்நடை மருத்துவர் அவனை எடை இயந்திரத்தில் ஏற்றினார். 14.2 கிலோ. இருக்க வேண்டியது 12. பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "இரண்டு பேருமே நடக்கலாமே" என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் மூன்று தீர்மானங்களையும் தனித்தனியே இழுத்துக்கொண்டு திரிவானேன், எல்லாவற்றையும் நாய்வாரிலேயே கட்டிவிடலாமே என்று தோன்றியது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து போன்றவற்றை மருத்துவரிடம் கேட்டு முடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வாசலில் ஓர் ஆணி

நாய்வாரை அலமாரிக்குள் வைக்காதீர்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். காலையில் அதைப் பார்த்ததும் நாய் உங்களை விடாது. அலாரத்தை அணைத்துவிடலாம், வாலாட்டுவதை அணைக்க முடியாது. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைய வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயோ எப்படியும் காலை, மாலை இரு வேளையும் வெளியே போயாக வேண்டும். வேளைக்குப் பதினைந்து நிமிடம் உண்மையாக நடந்தால் வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிவிடும். பேச முடிகிறது, ஆனால் பாட மூச்சுப் போதவில்லை என்றால் வேகம் சரி. பத்தாயிரம் காலடிக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண்.

"உண்மையாக நடந்தால்" என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் சிக்கல். முதல் வாரம் நான் நடக்கவே இல்லை, நின்றேன். கம்பத்துக்குக் கம்பம் சுட்டி மோப்பம் பிடித்தான். அவசரப்பட்டு இழுத்தால் முறைத்தான். இப்போது எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை இருக்கிறது: முதல் பத்து நிமிடம் அவனுடையது, எங்கு வேண்டுமானாலும் முகரலாம். அடுத்த பதினைந்து நிமிடம் என்னுடையது. அந்த நேரத்தில் வாரைக் கையில் ஒரு சுற்றுக் குறைத்துப் பிடிப்பேன். ஒரு வாரத்தில் அதன் பொருளைப் புரிந்துகொண்டான்.

வார் வாங்கும்போது, இழுத்தால் நீண்டு விட்டால் சுருளும் வகையை வாங்காதீர்கள். நாய் திடீரெனப் பாய்ந்தால் கட்டுப்படுத்த முடியாது, மெல்லிய கயிறு விரலையும் அறுக்கும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள சாதாரண நாடா போதும். இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது. வெயில் காலத்தில் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

படி 2: விலாவைத் தடவிப் பாருங்கள்

நாயின் விலாப்பகுதியை அழுத்தாமல் தடவுங்கள். பிறகு உங்கள் கையை நீட்டிப் புறங்கையின் எலும்புகளைத் தடவுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தட்டுப்பட்டால் எடை சரி. மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் சதை போல இருந்தால் கொழுப்பு. சுட்டியிடம் எனக்கு விலாவே அகப்படவில்லை.

எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நில்லுங்கள், பிறகு தனியாக நின்று கழியுங்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமை, சாப்பிடுவதற்கு முன்பு பாருங்கள்.

படி 3: குவளையைத் தூக்கி எறியுங்கள்

நான் குப்புற விழுந்த இடம் இதுதான். ஒரு மாதம் நடந்தும் சுட்டியின் எடை நூறு கிராம்கூடக் குறையவில்லை. தைராய்டுப் பரிசோதனை வரை யோசித்துவிட்டேன். ஒரு நாள் சந்தேகத்தில், தீவனம் அளக்கும் பிளாஸ்டிக் குவளையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான் அள்ளியபோது 98 கிராம். மகள் அள்ளியபோது 121. அப்பா அள்ளியபோது குவளைக்கு மேல் ஒரு கோபுரமே இருந்தது. போதாக்குறைக்கு ஆளாளுக்கு ஒரு பிஸ்கட். "நான் ஒன்றுதான் கொடுத்தேன்" என்று நான்கு பேரும் சத்தியம் செய்தார்கள். நான்கு பேர் சொன்னதும் உண்மைதான்.

கிராமில்தான் அளக்க வேண்டும். எத்தனை கிராம் என்பதற்குச் சாதாரணக் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை அதே எண்ணால் இரு முறை பெருக்குங்கள், அதாவது 12 × 12 × 12. வந்த விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். வருவதை 70-ஆல் பெருக்குங்கள். 12 கிலோவுக்கு ஏறக்குறைய 451 கலோரி வரும். நாய் சும்மா படுத்திருந்தாலே செலவாகும் சக்தி இது. கருத்தடை செய்த, சரியான எடையுள்ள வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம். எடை குறைக்க வேண்டிய நாய்க்குப் பெருக்க வேண்டாம், 451-லிருந்தே தொடங்கலாம்.

நான் செய்த தவறு, 14.2 கிலோவைப் போட்டு 1.6-ஆலும் பெருக்கியது. 819 வந்தது. குண்டான நாயைக் குண்டாகவே வைத்திருப்பதற்கான கணக்கு அது! போட வேண்டியது இருக்க வேண்டிய எடை, இருக்கும் எடை அல்ல.

பையின் பின்புறம் ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். 3,500 என்றால் கிராமுக்கு 3.5. நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் கூடாது. அதற்கு 45 கலோரி ஒதுக்கினால் மீதி 406. அதாவது 116 கிராம். இந்த எண்ணை மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். இவ்வளவு குறைக்கும்போது சத்தும் குறையலாம் என்று எங்களுக்கு வேறு தீவனம் எழுதிக் கொடுத்தார். தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும், ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

குடும்பத்தாரின் பிஸ்கட் கருணைக்கு மருந்து ஒரு டப்பா. காலையில் அன்றைய பங்கு முழுவதையும் அதில் நிறுத்துப் போட்டுவிடுகிறேன். யார் என்ன கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் கடை மூடிவிட்டது. மூன்றாம் நாள் மாலை அப்பா காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார், எதிரே சுட்டி உட்கார்ந்திருந்தான். இருவரில் யாருக்கு ஏமாற்றம் அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். சுட்டி ஜூனில் 12.4 கிலோவைத் தொட்டான். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பவர்களுக்கு: 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. ஜோடி நாயைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

படி 4: கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

பிஸ்கட் செலவில் மிச்சமான பணத்தோடு, வீட்டில் கிடந்த பொருட்களையும் மூட்டை கட்டி ஒரு விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். பாதி மூட்டை என்னோடேயே திரும்பி வந்தது. இறகுத் தலையணைகளை நாய்கள் கடித்துக் குதறிவிடும். பிரித்த மருந்துகளை வாங்க முடியாது. அவர்கள் ஆசையாக எடுத்துக்கொண்டவை பழைய துண்டுகளும் படுக்கை விரிப்புகளும்தான். முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு மூட்டை.

காப்பகத்திலிருந்து வந்ததும் உடை மாற்றி, செருப்பைக் கழுவி, கை கழுவிய பிறகே உங்கள் நாயைத் தொடுங்கள். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் காப்பகப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

என்னால் நீடித்துச் செய்ய முடிந்த உதவி வேறு. நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. "பாட்டி, நாங்கள் எப்படியும் போகிறோம், உங்கள் பையனும் வரட்டுமே" என்று கேட்டேன். முதல் நாள் பொது இடத்தில் இரு நாய்களையும் தள்ளித் தள்ளி நடத்தினேன், நான்காம் நாள் அருகருகே வந்தன. இப்போது பாட்டியின் நாய் ஆறு மணிக்கே கதவைப் பிறாண்டுகிறது. தீர்மானத்தை மீற எனக்கு வழியே இல்லை.

பிற்சேர்க்கை: பூனை வளர்ப்பவர்கள் இதே கணக்கைப் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குண்டான பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மிக மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: டப்பா முறை வந்த பிறகு தன் பிள்ளைகள் டப்பாவில் உலர்திராட்சையைச் சேர்த்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் எல்லாமே நாய்க்கு நஞ்சு. தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். எங்கள் டப்பாவின் மூடியில் இந்தப் பட்டியலை எழுதி ஒட்டியிருக்கிறேன், அப்பாவுக்காகக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.