மாலத்தீவுக்கு ஜோடியாகப் போகிறீர்களா?

தூரத்துத் தீவு என்றால் தலைநகர் மாலேயிலிருந்து பெரும்பாலும் கடல் விமானத்தில்தான் போக வேண்டியிருக்கும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை நெருங்கிப் போய் இறங்கினால் அன்றிரவு மாலேயிலேயே தங்க நேரிடலாம். அதனால் காலையில் சேர்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள். பெட்டி ஆளுக்குப் பெரும்பாலும் 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மிஞ்சினால் தனிக் கட்டணம். சுமார் 15 பேர் உட்காரும் குட்டி விமானம், இரைச்சல் காதைத் துளைக்கும், பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். முந்தி ஏறி ஜன்னலோரம் பிடித்தால் நீலத்துக்குள் பவளத் திட்டுகள் வளையம் வளையமாகத் தெரியும், அவ்வளவு அழகு!

அப்புறம், வீட்டு ஃபில்டரையும் 100 கிராம் காபித்தூளையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது அறையில் வெந்நீர்க் கெட்டில் இருந்தது, பால் பவுடர் கொண்டு போயிருந்தோம். விடியற்காலையில் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, டபராவில் நுரை பொங்க ஆற்றி இருவரும் குடித்தோம்.