தோட்டத்து அழுங்குக்கும் யானைக்கும் நிதி கேட்பது எப்படி

மலேசியாவின் குளுவாங், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வனவிலங்கு நிதிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் விண்ணப்பப் பாரத்தைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் தோட்டத்துக்குள் நுழைய அனுமதிக் கடிதம் வாங்குங்கள். “போய்ப் பாருங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொன்ன மானேஜர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போய்விடலாம். கடிதம் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும். எந்தப் பிரிவு, எந்தத் தேதி வரை, இரவில் நுழையலாமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆர்எஸ்பிஓ (நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்கான அமைப்பு) சான்றிதழ் பெற்ற செம்பனைத் தோட்டமாக இருந்தால் வேலை சுலபம். ஆற்றோரம், காட்டுத் துண்டு போன்ற இடங்களைக் கண்காணிக்கிறோம் என்று அவர்கள் தணிக்கையில் காட்டியாக வேண்டும், நீங்கள் தானியங்கிக் கேமரா கட்டி எடுக்கும் விலங்குப் படங்கள் அதற்கு உதவும். அதைச் சொல்லியே கேளுங்கள். வேலை வனக்காப்பு எல்லைக்குள் போனால் மாநில வனத்துறை அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடிப்பதோ ரத்தம் எடுப்பதோ இருந்தால் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதியும் வேண்டும்.

அடுத்தது எந்த விலங்கு என்பது. எலி பிடிக்கத் தோட்டங்கள் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை நல்ல பறவைதான். ஆனால் அது அழியும் நிலையில் இல்லாததால் உலக நிதிகள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே தோட்டத்தில் நடமாடும் அழுங்கு (செதில் போர்த்திய எறும்புத்தின்னி), ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய நிலையில் இருக்கிறது. யானையும் தபீரும் அருகிய நிலையில் இருப்பவை. காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் குலை வெட்டுபவர்களிடமும் இரவுக் காவல்காரரிடமும் விசாரித்து, எந்த பிளாக்கில், எந்த மாதத்தில் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘ஆரம்பத் தகவல்’ என்று கேட்கும் இடத்தில் இந்த ஒரு பக்கம் போதும்.

தனி ஆளாகத் தொடங்குபவருக்கு பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை பொருத்தம். முதல் சிறுநிதியை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அடுத்தடுத்த கட்ட நிதியும் உண்டு. ஒரே இனத்தை மையமாக வைத்த வேலைக்கு அபுதாபியின் முகமது பின் சாயிது நிதி 25,000 டாலர் வரை தருகிறது. ஜிஇஎஃப் (உலகச் சுற்றுச்சூழல் நிதியம்) சிறுநிதித் திட்டம் 1992 முதல் நடப்பது. அது தனி ஆளுக்குக் கொடுக்காது, சமூக அமைப்புக்குத்தான் கொடுக்கும். அதனால் சங்கப் பதிவு தேவை: குறைந்தது ஏழு உறுப்பினர்கள், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. உங்கள் பங்கு என்ன என்றும் கேட்பார்கள். கோயில் மண்டபம், தோட்டத்து லாரி, தன்னார்வலர் உழைப்பு எல்லாவற்றையும் வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் போட்டுக் காட்டுங்கள். நம்மவர்கள் இதை எழுதக் கூச்சப்பட்டே மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பட்ஜெட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘கேமரா 10’ என்று ஒரு வரியோடு நிறுத்தினால், களம் தெரியாதவர் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஒரு கேமராவுக்கு ஏஏ பேட்டரி 8, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஆறு மாதத்தில் 10 கேமராவுக்கு 240 பேட்டரி. மெமரி கார்டு கேமராவுக்கு இரண்டாக 20. இரும்புப் பெட்டி, சங்கிலிப் பூட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் சேருங்கள். களவுக்கும் எறும்புக்கும் போக, கூடுதலாக இரண்டு கேமரா. அழுங்கைப் பிடிக்கக் கேமராவை நம் முழங்காலுக்குக் கீழே கட்ட வேண்டும். முன்னால் பெரணி ஆடினால் வெற்றுப் படம் ஆயிரக்கணக்கில் விழுந்து பேட்டரி தீர்ந்துவிடும், ஆகவே புல் வெட்டும் நாள்கூலியும் பட்ஜெட்டில் வர வேண்டும். உங்கள் சம்பளமே பாதித் தொகையை விழுங்கினால் சிறுநிதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

நாணய மாற்றையும் மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் டாலருக்கு ஏறக்குறைய 4.80 வெள்ளி, செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு இறங்கிவிட்டது. 15,000 டாலர் 72,000 வெள்ளியாக இருந்தது 61,800 ஆனது. எந்தத் தேதி விகிதம் என்று குறிப்பிட்டு, கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுங்கள்.

ரஃபர்ட் மூன்று பரிந்துரையாளர்களைக் கேட்கும். ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) கடிதமும் கோயில் தலைவர் கடிதமும் ஊரில் செல்லும், அங்கே செல்லாது. உங்கள் வேலையைத் தெரிந்த பல்கலைக்கழக உயிரியலாளர், வனவிலங்கு அமைப்புக்காரர் போன்றவர்கள் வேண்டும். அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். பரிந்துரை கேட்கும் மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தே கெட்டுப்போன விண்ணப்பங்கள் உண்டு.

பிரிட்டனின் விட்லி வனப் பாதுகாப்பு விருது இதற்கெல்லாம் பிறகு. 50,000 பவுண்ட், அதுவும் திட்டத்துக்குத்தான், கைச்செலவுக்கு அல்ல. 2025-இல் சபாவின் பரீனா ஓத்மான், கினாபாத்தாங்கான் யானைகளுக்காகச் செம்பனைத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அதைப் பெற்றார். கோல்ட்மேன், இண்டியானாபோலிஸ் என்ற அமெரிக்கப் பெரிய பரிசுகளுக்கு மற்றவர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும், இப்போதைக்கு அந்தப் பக்கம் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பணம் வந்த நாளிலிருந்து ரசீதுகளைக் கவனியுங்கள். பெட்ரோல் ஸ்டேஷன் தரும் வழவழ ரசீது கார் டேஷ்போர்டு வெயிலில் வெளுத்துப்போகும், அறிக்கை எழுத உட்காரும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்து, பின்பக்கம் பென்சிலில் தேதி, தொகை, எந்த பிளாக் பயணம் என்று எழுதிவையுங்கள்.