பிறழ்நம்பிக்கை எப்போது நோயாகிறது: மதிப்பிடும் முறை

மனச்சிதைவு நோயில் டெலூஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் பிறழ்நம்பிக்கையை மதிப்பிட அமர்பவர், ‘இது உண்மையா, பொய்யா’ என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது. பொய்யை நம்புவதே நோய் என்றால் நம்மில் எவரும் தப்ப முடியாது. மறுபுறம், மனைவிமீது நோயுற்ற சந்தேகம் கொண்ட ஒருவருடைய மனைவிக்கு உண்மையிலேயே வேறு உறவு இருந்தாலும், அவருடைய சந்தேகம் பிறழ்நம்பிக்கையாகவே இருக்கக்கூடும்.

அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று கேளுங்கள். எதிர்வீட்டுக் கொடியில் சிவப்புத் துண்டு காய்கிறது. பார்த்த கணத்திலேயே, தன்னைக் கொல்ல ஆள் வந்துவிட்டதற்கான சைகை அது என்று ஒருவருக்குத் தெளிவாகிவிடுகிறது. துண்டுக்கும் கொலைக்கும் நடுவே யோசனை என்று எதுவுமே இல்லை. ஜெர்மானிய மனநல மருத்துவரும் தத்துவவாதியுமான கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இல் வெளியிட்ட நூலில், அசையாத உறுதி, சான்றுக்கு வளையாமை, நடக்கவியலாத உள்ளடக்கம் ஆகிய மூன்றையும் வெளி அடையாளங்களாகவே கருதினார். பிறரால் பின்தொடர்ந்து புரிந்துகொள்ள முடியாத இத்தகைய, திடீரெனத் தோன்றும் அர்த்தத்தையே அவர் முதன்மையாகக் கண்டார்.

பிறகு, ‘அது வெறுமனே துவைத்துப் போட்ட துண்டாக இருக்கலாமா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். ‘இருக்கலாம், ஆனாலும்…’ என்று தயங்குபவரிடம் ஐயத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. ‘நான் கண்டுகொண்டதைத் தெரிந்துகொண்டு துண்டை எடுத்துவிட்டார்கள்’ என்பவரிடமோ எதிர்ச்சான்றும் சான்றாகிவிடுகிறது. அவரிடம் வாதாடி வெல்ல முயல்வது வீண். பேசுவதையே அவர் நிறுத்திவிடக்கூடும்.

அவருடைய சமயமோ சமூகமோ இயல்பாகப் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையைப் பிறழ்நம்பிக்கையாகக் கொள்ளக் கூடாது என்பதால், அதே சூழலில் வளர்ந்தவர்களுக்கும் அது விசித்திரமாகப் படுகிறதா என விசாரியுங்கள். நாளில் எவ்வளவு நேரம் அதையே நினைக்கிறார், எவ்வளவு துன்புறுகிறார், உறக்கமும் வேலையும் உறவும் எப்படி இருக்கின்றன என்பவையும் தேவை. தன்னைப் பேரரசர் என்று சொல்பவர் மருத்துவமனையில் சாதாரண வேலைகளைச் செய்துகொண்டிருப்பதை சுவிஸ் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் கவனித்திருக்கிறார். ஆகவே நம்பிக்கைக்கேற்ப நடக்காததை மட்டும் வைத்து நடிப்பு என முடிவுகட்டாதீர்கள்.

பிறழ்நம்பிக்கை இருப்பதாலேயே மனச்சிதைவு என்று ஆகிவிடாது. போதைப்பொருள், மூளை நோய், கடும் மனச்சோர்வு ஆகியவற்றிலும் அது வரும். மனநோய்களை இனங்காண உதவும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, மனச்சிதைவு என்று சொல்லப் பிற அறிகுறிகளையும், மொத்தம் 6 மாதத் தொடர்ச்சியையும் கேட்கிறது. ஆனால் காலக்கணக்குக்கு முன்பே கேட்டாக வேண்டிய ஒன்று உண்டு: அந்தக் கொலையாளிக்கு எதிராகத் தற்காத்துக்கொள்ள ஏதேனும் ஏற்பாடு செய்திருக்கிறாரா? ஆம் என்றால், அன்றைக்கே அவரை மனநல அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.