வெளிநாட்டில் வியாபாரம்: முதல் பில் போடும் முன் பார்க்க வேண்டிய வரிக் கணக்கு

வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "அங்கே வரி எத்தனை சதவீதம்?" சதவீதம் அப்புறம். உங்களிடம் வரி கேட்க அந்த நாட்டுக்கு உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 1: அங்கே கால் பதிந்திருக்கிறதா?

ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி விழாமலிருக்க இரு நாடுகள் செய்துகொள்ளும் வரி ஒப்பந்தங்கள் இதை 'நிரந்தர அமைவிடம்' என்கின்றன. கிளை, அலுவலகம், தொழிற்சாலை இருந்தால் பேச்சே இல்லை. கட்டுமானப் பணி என்றால், பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஈசிடி (OECD) வகுத்த மாதிரி ஒப்பந்தப்படி 12 மாதம் தாண்ட வேண்டும், ஐ.நா. வகுத்த மாதிரியில் 6 மாதம் தாண்டினாலே போதும். பலர் மாட்டிக்கொள்வது ஆளால்தான். உங்கள் பிரதிநிதி அங்கே உட்கார்ந்து உங்கள் பெயரில் தொடர்ந்து ஒப்பந்தம் முடித்துக் கொடுத்தால், ஓர் அறைகூட வாடகைக்கு எடுக்காமலே அமைவிடம் உருவாகிவிடலாம். இரு நாட்டு ஒப்பந்தத்தில் இது பெரும்பாலும் 5-ஆம் பிரிவில் இருக்கும். ஆடிட்டரிடம் போகுமுன் நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

படி 2: பிடித்தம் எதன் மீது?

அமைவிடம் இல்லாவிட்டாலும் ராயல்டி, வட்டி, சில நாடுகளில் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் ஆகியவற்றில் வாடிக்கையாளரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். ஓர் உதாரணம்: பில் 10,000 டாலர், பிடித்தம் 15%. கைக்கு வருவது 8,500. உங்கள் செலவு 7,000 என்றால் லாபம் 3,000. சொந்த நாட்டில் 25% வரி என்றால் 750. அங்கே கட்டியதோ 1,500. அங்கே கட்டியதை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் பொதுவாக, இங்கே கட்ட வேண்டிய வரி அளவுக்குத்தான் அந்தக் கழிவு கிடைக்கும். மீதி 750 உங்கள் லாபத்திலிருந்து போகிறது. பிடித்தம் முழுத் தொகைக்கு, உள்நாட்டு வரி லாபத்துக்கு; வினையே அதில்தான். ஒப்பந்தம் இருந்தால் விகிதம் குறையலாம். அதற்கு, நீங்கள் இந்த நாட்டில் வரி கட்டுபவர் என்று உங்கள் வரித்துறை தரும் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். பில் போன பிறகு அதற்கு அலையாதீர்கள். விலை பேசும்போதே பிடித்தம் யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள்.

படி 3: விற்பனை வரி தனிக் கதை

மேலே சொன்ன ஒப்பந்தங்கள் வருமான வரிக்குத்தான், வாட் (VAT) எனும் மதிப்புக் கூட்டு வரிக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து அங்குள்ள தனிநபர்களுக்கு மின்னூலோ ஆப்போ நேரடியாக விற்றால், முதல் விற்பனையிலிருந்தே வாட் உண்டு. ஒன்றியத்தின் ஒரே நாட்டில் பதிந்து எல்லா நாடுகளுக்குமான வாட்டைக் கட்ட 'ஒன் ஸ்டாப் ஷாப்' வசதி இருக்கிறது. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் 2018-இன் வேஃபேர் (Wayfair) தீர்ப்புக்குப் பிறகு, கடையே இல்லாதவரிடமும் மாநிலங்கள் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம். பல மாநிலங்களில் வரம்பு, அந்த மாநிலத்தில் ஆண்டுக்கு 1,00,000 டாலர் விற்பனை.

படி 4: கிளையா, துணை நிறுவனமா?

ஆரம்ப ஆண்டுகளில் நஷ்டம் வருமென்றால் கிளை பற்றி யோசிக்கலாம். அந்த நஷ்டத்தைத் தாய் நிறுவன லாபத்தில் கழிக்க சில நாடுகள் விடுகின்றன. துணை நிறுவனம் என்றால் கடன் பொறுப்பு தனி, ஆனால் லாபத்தை டிவிடெண்டாகக் கொண்டுவரும்போது மறுபடி பிடித்தம் வரலாம். தாய் நிறுவனத்துக்கும் அதற்கும் இடையே சரக்கோ சேவையோ கைமாறினால், சம்பந்தமில்லாத இருவர் பேசிக்கொள்ளும் விலைதான் போட வேண்டும். அந்த விலை எப்படி வந்தது என்ற கணக்கை அன்றே எழுதி வையுங்கள்.

15% உலகக் குறைந்தபட்ச வரி என்று செய்தியில் பார்த்துப் பயந்தவர்களுக்கு: அது ஆண்டுக்கு 75 கோடி யூரோ அல்லது அதற்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கு. நமக்கு இப்போதைக்கு 5-ஆம் பிரிவும் வதிவிடச் சான்றிதழும்தான் வேலை.