லு எங்கே சேரும், எங்கே சேராது

கிளிநொச்சியில் இருந்து பிரெஞ்சு படிக்கிறேன், நாலு நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'சந்தைக்கு' என்பதற்கு, '-க்கு' என்ற பொருள் தரும் அ, ஆங்கில 'the' போல பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் லு இரண்டையும் வைத்து 'அ லு மார்ஷே' என்று எழுதினால் பிழை, 'ஓ மார்ஷே' தான் சரி. சரி என்று ஆஸ்பத்திரிக்கும் ஓ போட்டேன், அதுவும் பிழை. ஆண்பால், பெண்பால் என்று பட்டியல் போட்டுப் பாடமாக்கியும் பயனில்லை, ஆஸ்பத்திரியும் ஆண்பால்தானே.

பாரிஸ் லா ஷப்பெலில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில், "பிள்ளை, முதல்ல சொல்லை லு, லா, லே சேர்த்துச் சொல்லிப்பார், பிறகு முன்னுக்கு அ போடு" என்றார். அதுதான் வேலை செய்தது. ஆண்பாலுக்கு லு, பெண்பாலுக்கு லா, பன்மைக்கு லே. லுவும் லேயும் மட்டும்தான் முன்னால் வரும் அ, து ('-இன்', '-இலிருந்து' என்ற பொருள்) என்ற சொற்களோடு கலக்கும்: அ லு என்பது ஓ, து லு என்பது த்யூ, து லே என்பது தே. லா கலக்காது, உயிரொலிக்கு முன் 'ல்' என்று சுருங்கி நிற்பதும் கலக்காது, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு 'அ லொப்பித்தால்'. அ லே சேர்ந்தாலும் மெய்யொலிக்கு முன் ஒலி ஓ தான், எழுத்தில் மட்டும் கடைசியில் எக்ஸ் வரும், காதால் மட்டும் படிக்கிறவர்களுக்கு இது பிடிபடாது.

ஒரு முழு நாளைத் தின்றது வேறொன்று: 'அதை' என்ற பொருளில் வரும் லு கலக்கவே கலக்காது. 'அதைச் செய்ய மறந்துவிட்டேன்' என்பதில் 'து லு ஃபேர்' என்று பிரிந்தே நிற்கும்.