தொண்டை வலிக்கு இரண்டு மாத்திரை: ஒன்று செய்த வேலையை மற்றொன்றின் கணக்கில் எழுதாதீர்கள்

எச்சில்கூட விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. தெருமுனை மெடிக்கலில் போய்ச் சொன்னால் மூன்று வேளைக்கு ஒரு 'செட்' மாத்திரை கைக்கு வந்துவிடும். சின்னக் காகித உறைக்குள் ஓர் ஆன்டிபயாடிக், ஒரு வலிமாத்திரை, கூடவே வயிற்றுக்கு ஒன்று. இரண்டு வேளை போட்டதும் தொண்டை கொஞ்சம் இளகும். உடனே "ஆன்டிபயாடிக் நல்லா கேட்குது" என்போம்.

உண்மையில் கேட்டது வலிமாத்திரை. ஐபுப்ரூஃபன், பாராசிட்டமால் போன்றவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலியையும் காய்ச்சலையும் இறக்கிவிடும். ஆன்டிபயாடிக்கின் வேகம் அதுவல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொண்டை வலி நீடிக்கும் காலத்தை அது சராசரியாக 16 மணி நேரம்தான் குறைக்கிறது. அதன் வேலையே வேறு: பாக்டீரியாவைக் கொல்வது. இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் அடுத்தடுத்த தவறுகள் வருகின்றன.

முதல் தவறு, தேவையில்லாத தொண்டைக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது. தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா காரணமாக இருப்பது பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, குழந்தைகளில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு. இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் எல்லாம் சேர்ந்து வந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சலடித்து, இருமல் இல்லாமல், கழுத்தின் முன்புறம் நெறி கட்டித் தொட்டால் வலித்து, டான்சிலில் வெள்ளையாகச் சீழ் படிந்திருந்தால் மருத்துவர் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார். வாயைத் திறந்து பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. மூன்றாம் நாள் வலி போய்விடுகிறது. "ஆன்டிபயாடிக் உடம்புக்குச் சூடு" என்று அதை நிறுத்திவிட்டு, மீதி அட்டையை அடுத்த முறைக்கு அலமாரியில் வைக்கிறோம். வலிமாத்திரையை மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று தொடர்கிறோம். செய்ய வேண்டியது நேர் எதிர். வலிமாத்திரை வலி இருக்கும் வரைக்கும்தான். ஆன்டிபயாடிக் மருத்துவர் எழுதிய கடைசி நாள் வரைக்கும். ஸ்ட்ரெப் தொண்டைக்கு, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் தொண்டை வலிக்கு, பென்சிலினோ அமாக்சிசிலினோ பொதுவாக 10 நாள் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சில குழந்தைகளுக்கு, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கும், இதய வால்வு பாதிக்கப்படும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இந்தியாவில் இன்றும் இளம் வயதில் வால்வு கெட்டுப்போக அது முக்கியமான காரணம். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கி முழுதாக முடித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எந்த வலிமாத்திரையாலும் அதைத் தடுக்க முடியாது.

அலமாரியில் வைத்த அந்த மீதியைத் தம்பிக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

அடுத்தது பாராசிட்டமால் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். செட்டில் இருக்கும் வலிமாத்திரை பெரும்பாலும் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. அதில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால். காய்ச்சலுக்கென்று வீட்டில் இருக்கும் 650-ஐயும் போடுகிறோம். சளி மாத்திரையில் இன்னொரு 500. ஒரு வேளைக்கு 1475, மூன்று வேளைக்கு 4425. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச அளவே 4000. மது குடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிட்டு விழுங்குங்கள்.

சில செட்டில் வீக்கம் குறையும் என்று செராஷியோபெப்டிடேஸும் இருக்கும். ஜப்பானில் அதை விற்ற நிறுவனமே, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று காட்ட முடியாமல் 2011-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குச் செலவழிக்கும் காசுக்கு வெந்நீரும் உப்பும் போதும்.

அப்புறம், வலிமாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையைக் கேட்காமல் தொடக் கூடாது. செட்டோடு ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து இன்னும் கூடும். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கோடு இந்த வலிமாத்திரைகள் சேர்ந்தால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். அந்த வகை ஸ்ட்ரெப் தொண்டைக்குப் பொருத்தமான மருந்தும் அல்ல. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. 12 வயதுக்குக் கீழே நிமிசுலைடு 2011 முதல் இந்தியாவில் தடை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு தொண்டையும் வலித்தால் இன்னும் கவனம் வேண்டும். டெங்குவும் அப்படித் தொடங்கலாம். அது இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். மற்ற வலிமாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கடைசியாக ஒன்று. வலி ஒரு பக்கமாக ஒதுங்கி, வாயைத் திறக்கவே முடியாமல், எச்சில் வழிந்து, வாயில் சோற்றுக் கவளத்தை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறினால், டான்சிலுக்குப் பின்னால் சீழ்க்கட்டி உருவாகியிருக்கலாம். வலிமாத்திரை போட்டதும் கொஞ்சம் குறைகிறதே என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வலிமாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.